மாடி அறை

பர்மாவிலிருந்து யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்கள் தூத்துக்குடித் தெருக்களில் படுத்துக் கிடந்த வருஷம் அது. "வீட்டுக்கு ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுக்கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசினேன். கைதட்டல் எனக்கே கூச்சமாக இருந்தது, கொஞ்சம்தான்.

மறுநாள் காலையில் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி என் வாசலில் நின்றார்கள். மாடி அறையில் என் புத்தகங்கள் மட்டுமே குடியிருந்தன. கருணையைப் பற்றிய புத்தகங்களும் அவற்றில் உண்டு. "இங்கன இடம் இல்லையே" என்று அனுப்பிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து மீன் வாங்கத் திரேஸ்புரம் போனேன். மீன்காரி மரியம்மையின் ஒற்றை அறைக் குடிசைக்குள் வள்ளத்தின் பழைய பாய்த்துணி தடுப்பாகக் குறுக்கே தொங்கியது. அதை விலக்கிக்கொண்டு அதே மனிதர், அதே குழந்தையோடு வெளியே வந்தார்.

"இவ்வளவு சின்ன வீட்லயா?" என்றேன்.

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கிய? நீங்க பேசுனதக் கேட்டுத்தான் கூட்டியாந்தேன். உங்க வீட்ல எத்தன பேரச் சேத்திருக்கிய?" என்றாள் மரியம்மை.

அந்த மனிதர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அண்ணாச்சி வீடு நெறஞ்சிட்டு, அக்கா. நானே பாத்தேன்."

மீன் வாங்காமலே திரும்பினேன். மாடி அறையை ஒழித்துப் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை.