மாப்பிள்ளை வீட்டுத் தண்ணீரில் மீட்டர்

சாயப்பட்டறைக்காரர்களை நல்ல காரியத்துக்கு அழைத்துப் போவதாக இருந்தால், முதலில் அவர்களுடைய சட்டைப்பையைச் சோதித்துவிடுங்கள். போன வாரம் நான் பட்ட பாடு அப்படி!

நண்பர் சுப்பிரமணி திருப்பூரில் சாயப்பட்டறை நடத்துகிறார். அவர் மகளுக்கு அவிநாசிபாளையம் பக்கம் ஒரு வரன். ஜாதகம் பொருந்திவிட்டது, பிள்ளைகளுக்கும் ஒருவரையொருவர் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தால் முடிந்தது. துணைக்கு நானும் போனேன்.

உட்கார்ந்ததும் தண்ணீர் கொடுத்தார்கள். சுப்பிரமணி ஒரு வாய் குடித்தார். முகம் லேசாகச் சுருங்கியது. அடுத்த நொடி, பையிலிருந்து பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை எடுத்து டம்ளருக்குள் விட்டுவிட்டார்! தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி அது. பட்டறையில் நாள் முழுக்க இதே வேலை... கை தன்பாட்டுக்குப் போய்விட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏனுங்க, பொண்ணு குடுக்க வந்தீங்களா, தண்ணி டெஸ்ட் பண்ண வந்தீங்களா?" மாப்பிள்ளையின் அப்பா செல்லமுத்து எழுந்தேவிட்டார். "அது ஆரு உப்புங்க? உங்க பட்டறைக்காரங்க உட்ட உப்புதானுங்க!"

சாயம் துணியில் பிடிக்க உப்பு வேண்டும். அந்தக் கழிவுத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் போனது ஊரறிந்த கதை. "ஆத்தோரத்துல ஆனதுக்கு நாங்க பொறுப்புங்க, இல்லைன்னு சொல்லலீங்க" என்றார் சுப்பிரமணி மெல்ல. வரன் கைநழுவிவிட்டது என்றே நினைத்தேன். மகளிடம் போய் என்ன சொல்வார் மனிதர்?

அப்போது செல்லமுத்துவின் மனைவி உள்ளேயிருந்து வந்தார். "ஏனுங்க, ஆறு எங்கீங்க இருக்குது, நம்ம காடு தோட்டம் எங்கீங்க இருக்குது? சாயத்தண்ணி இத்தன மேடேறி வந்துச்சாக்கும்? கெணத்துத் தண்ணி நல்லாத்தான இருக்குது? நீங்க போர் போட்டதுக்கப்புறந்தான் பருப்பு வேக மாட்டீங்குது!"

மீட்டர்தான் கையில் இருக்கிறதே! எல்லோரும் தோட்டத்துக்கு நடந்தோம். பழைய கிணற்றில் ஒரு வாளி, ஆழ்குழாயில் ஒரு வாளி. கிணற்றுத் தண்ணீரில் மீட்டர் சாதுவாக நின்றது. போர் தண்ணீரில் எண் விறுவிறுவென்று ஏறியது. செல்லமுத்து மீட்டரைத் தன் கையில் வாங்கி மறுபடி விட்டுப் பார்த்தார். அதே கதைதான்.

பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். எங்கள் பக்கம் மழை குறைவு, வெயில் அதிகம். ஆழத்துப் பாறை இடுக்கில் காலங்காலமாகத் தேங்கிய தண்ணீர், பாறையின் உப்பைக் கரைத்து வைத்துக்கொள்கிறது. அதையே இறைத்துப் பாய்ச்சினால் நீர் ஆவியாகும், உப்பு மண்ணில் தங்கும், மழையோடு மறுபடி கீழே இறங்கும். அதற்காக, ஆற்றோர உப்புக்கும் பாறைதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்! எல்லாவற்றுக்கும் குற்றவாளி ஒருவரே என்றால் நமக்கு எவ்வளவு வசதி... ஆனால் தண்ணீர் அப்படி ஒத்துழைப்பதில்லை.

அன்று தோட்டத்திலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்தபோது, கிணற்றுத் தண்ணீரில் போட்ட காபி வந்தது. சுப்பிரமணி மீட்டரை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் டம்ளரை வாங்கினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சம்பந்தம் முடிவானால் இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். "உப்பு சக்கரை... எப்ப மாத்திக்கலாங்க?" என்று சுப்பிரமணி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

செல்லமுத்து சிரித்துவிட்டார்.

"வர்ற வெள்ளிக்கிழமையே வெச்சுக்கலாங்க சம்பந்தி. நீங்க சக்கரை மட்டும் கொண்டாங்க... உப்பு எங்க போர்லயே கெடக்குது!"