போல்ட்டைத் தேடி வரும் ஓட்டை

சுவைனாவின் வண்டி தார்ச்சாலையில் உருண்டு கிடக்கிறது என்று தகவல் வந்தபோது கல்ஃபான் நம்பவே இல்லை. வேறு யாருடைய வண்டியாவது இருக்கும், ஒழுங்காகப் பார்த்துச் சொல் என்று போனில் பேசியவனையே திட்டினான். எங்கள் பாலைவன ஊரான பிதியாவில் எவன் வண்டி கவிழ்ந்தாலும் தன் அக்கா வண்டி கவிழாது என்று அவனுக்கு அப்படி ஒரு நிச்சயம். அதற்கு அடியில் இருந்த லிங்க் ராடு அவன் கையால் செய்தது, முதன்முதலாகச் செய்தது. அடுத்த போன் அக்காவின் கணவன் முஹன்னாவிடமிருந்து வந்தது. அதற்கு மேல் நம்பாமல் இருக்க முடியவில்லை. மெக்கானிக் பட்டறையின் ஷட்டரைக்கூட இறக்காமல் இப்ரா ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

கல்ஃபான் யார் என்று கேட்டால் எங்கள் ஊரில் யாரும் கை காட்டுவார்கள். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் சிமெண்டுத் தரை போட்ட கொட்டகை, ஒரு பழைய லேத்து, எந்நேரமும் கிரீஸ் படிந்த அங்கி. எண்ணெய்க் கிணற்றில் நல்ல வேலை பார்த்தவன், மேலாளரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டான். கல்யாணம் செய்துகொள்ளடா என்று அக்கா கெஞ்சிக் கூத்தாடி ஒரு பெண்ணைப் பார்த்தாள். பார்க்கப் போன இடத்தில் இந்த மகானுபாவன் பெண்ணைப் பார்க்காமல், மாமனாராக வேண்டியவரின் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.

அவனைப் பிடித்து ஆட்டியது ஒரே ஒரு சாமான்தான். வண்டிக்கு அடியில் இரண்டு பக்கத்தையும் இணைத்து வளைந்த கம்பி ஒன்று போகும். வளைவில் வண்டி சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். கம்பியின் முனையைச் சக்கரத்தின் அச்சோடு சேர்க்கும் சின்னக் கைதான் லிங்க் ராடு. தார்ச்சாலையில் அது உயிர், மணலில் தொல்லை. மேட்டிலும் பள்ளத்திலும் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்க வேண்டுமே. அதனால் மணல் தொடங்கும் இடத்தில் டயர்க் காற்றை இறக்கும்போதே லிங்க் ராடையும் கழற்றி, கம்பியைத் தலைத்துணியால் தூக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போவது எங்கள் வழக்கம்.

போவது சுகம். திரும்பி வந்து மாட்டுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். மணலோரத்தில் வண்டி ஒரு சக்கரம் மேட்டிலும் ஒரு சக்கரம் குழியிலுமாகக் கோணிக்கொண்டு நிற்கும். ராடின் ஓட்டை போல்ட்டுக்கு நேராக வராது. உதைப்பார்கள், பம்பர் மேல் ஏறிக் குதிப்பார்கள், வண்டி செய்தவனின் ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் மெதுவாக உருட்டிக்கொண்டு கல்ஃபானின் சிமெண்டுத் தரைக்கு வருவார்கள். சமதரையில் நிறுத்தினால் போல்ட்டு தானாக உட்காரும். இது எங்கள் ஊரில் வாரா வாரம் நடந்த கூத்து.

இந்தத் தொல்லையை ஒழித்தே தீருவது என்று கல்ஃபான் உட்கார்ந்தான். ராடை இரண்டு துண்டாக்கி நடுவில் ஒரு குழாயை வைத்தான். ஒரு துண்டுக்கு வலது மரை, இன்னொன்றுக்கு இடது மரை. குழாயை ஒரு பக்கம் திருகினால் ராடு நீளும், மறுபக்கம் திருகினால் குறுகும். ஸ்பானர் வேண்டாம், கை போதும். மணல் புகாமல் மரையின் மேல் ரப்பர் உறை போட்டான். எத்தனையோ குழாய் பாழானது, எத்தனையோ உறை கிழிந்தது, சோறு தண்ணி இல்லாமல் கிடந்து ஒருநாள் சரியாகக் கொண்டுவந்துவிட்டான். இனி நீங்கள் அலைய வேண்டாம், ஓட்டையே போல்ட்டைத் தேடி வரும் என்று சொல்லிக் கொடுத்தான். ஊரே வாங்கி மாட்டியது. பள்ளிக்கூட டீச்சரான சுவைனா, போகிற வீட்டிலெல்லாம் தம்பி செய்ததைக் குனிந்து காட்டிவிட்டுத்தான் கஹ்வாக் காப்பியில் வாய் வைப்பாள்.

அந்த சுவைனா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. பிழைத்துவிட்டாள், நடப்பாளா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். முஹன்னா வராந்தாவில் நின்று ஒட்டகத்தைத் திட்டிக்கொண்டிருந்தான். குறுக்கே ஒட்டகம் வந்தது, இவள் ஸ்டியரிங்கை ஒடித்தாள், வண்டி கவிழ்ந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒட்டகத்தையும் அதை அவிழ்த்துவிட்டவனையும் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். கல்ஃபானும் கூடச் சேர்ந்து ஏசினான்.

மறுநாள் காலை அக்காவின் பையை எடுத்துவர வண்டி கிடந்த இடத்துக்குப் போனான். வண்டி தலைகீழாகக் கிடந்ததால் அடிப்பக்கம் முழுவதும் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. இடது லிங்க் ராடு இரண்டாகப் பிரிந்து தொங்கியது. உடைந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அது உடையவில்லை, குழாயிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தது. ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தான். விரல் நீளத்துக்கு அவன் வெட்டிய மரையில் நுனிச் சுற்று மட்டும் மழுங்கியிருந்தது. மீதி அத்தனையும் புத்தம் புதிதாக மின்னியது. அவ்வளவு பெரிய வண்டி அந்த நுனியை நம்பி ஓடியிருக்கிறது. யாரோ ஆகாதவன் செய்த வேலை என்றுதான் முதலில் நினைத்தான்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், வண்டியில் யார் கை வைத்தது என்று அக்காவிடமே கேட்டான்.

"யாரு வைப்பா? நான்தான் மாட்டினேன்," என்றாள் அவள் கண்ணைத் திறக்காமலே. "இடது சக்கரம் குழியில கெடந்துச்சு. ஓட்டை எட்டல. எட்டுற வரைக்கும் திருகினேன். நீதானேடா சொன்னே, தேடி வரும்னு."

"எவ்வளவு திருகினேக்கா?"

"அதை யாரு கண்டா? மேல உறை மூடியிருக்கே. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. நான்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன்."

லேசாகத் திருகிச் சரிசெய்துகொள்வார்கள் என்றுதான் கல்ஃபான் நினைத்திருந்தான். குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு திருகுவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. பழைய ராடு முரண்டு பிடித்ததால்தான் ஊரே சமதரை வரைக்கும் மெதுவாக வந்தது. அந்த முரண்டைத்தான் இவன் எடுத்துத் தொலைத்தான். மணலுக்காகப் போட்ட உறையோ, மரை தீர்ந்துபோவதை யார் கண்ணிலும் படாமல் மறைத்துவிட்டது. ராடு மாட்டவில்லை என்றால் சுவைனா ஊர்ந்து வந்திருப்பாள். தம்பியின் ராடு இருக்கிறது என்று நம்பித்தான் வேகமாக வந்தாள்.

அன்று சனிக்கிழமை. வெள்ளி, சனி விடுமுறைக்கு மணலுக்குள் போன குடும்பங்கள் எல்லாம் திரும்பும் நாள். அது நினைவுக்கு வந்ததும் அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமலே வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான்.

மணலோரத்தில் பேரீச்சந்தோப்புக்காரர் சுலையிம் வண்டியை நிறுத்தி, அடியில் கையை விட்டுக் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். பின்சீட்டு நிறையப் பேரப்பிள்ளைகள்.

"வாப்பா கல்ஃபான், உனக்கு நூறு ஆயுசு. இப்பதான் உன்னைப் பத்திப் பேசிட்டிருந்தோம். எந்தக் குழியில நின்னாலும் பொசுக்குன்னு மாட்டிக்குது உன் சாமான்."

கல்ஃபான், அக்கா வண்டியிலும் இதுதான் இருந்தது என்று சொல்லிக்கொண்டே வண்டிக்கு அடியில் படுத்து, அவர் மாட்டி முடித்த ராடைக் கழற்றினான். சுலையிமுக்குக் கோபம் தலைக்கேறியது. உன் அக்கா கவிழ்ந்தது ஒட்டகத்தால், அதற்கு என் வண்டியை ஏன் பிடுங்குகிறாய், பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கத்தினார். பின்னால் வந்து நின்ற வண்டிக்காரர்களும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

"ஒட்டகம் இல்ல மாமா," என்றான் கல்ஃபான். "நான்தான் எங்கக்காவைக் கவுத்தேன்."

ரப்பர் உறையைக் கிழித்து, ராடை அவர் கையில் கொடுத்தான். மரை முழுவதும் வெளியே வந்திருந்தது, நுனி மட்டும் குழாய்க்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. சுலையிம் அதைப் பார்த்தார். லேசாகத் திருகினார், குழாய் கழன்று கையோடு வந்துவிட்டது. பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். எழுந்ததும் முதல் வேலையாக, அடுத்து வந்த வண்டியின் முன்னால் போய்க் கையை விரித்து நின்றார். அன்று எங்கள் ஊர் வண்டி ஒன்றில்கூட லிங்க் ராடு மாட்ட விடவில்லை. எல்லாம் வரிசையாக ஊர்ந்துகொண்டே வீடு போய்ச் சேர்ந்தன.

கல்ஃபான் ராடுகளை எல்லாம் திரும்ப வாங்கிப் புதிதாகச் செய்தான். இப்போதும் மரை உண்டு, குழாய் உண்டு. ஆனால் பாதிக்கு மேல் வெளியே வரவிடாமல் உள்ளே ஒரு தடுப்பு இருக்கிறது. நீளத்தைச் சிமெண்டுத் தரையில் வைத்துப் பார்த்து, குறுக்கே ஒரு ஆணியை அடித்து அவனே பூட்டிவிடுவான். வேறு எவன் கையாலும் திருக முடியாது, பழையபடி சமதரைக்கு ஊர்ந்து வந்துதான் மாட்ட வேண்டும். ஊருக்கு வந்த எரிச்சலைக் கேட்க வேண்டுமா? முன்பு வண்டி செய்தவனைத் திட்டியவர்கள் இப்போது கல்ஃபானைப் பெயர் சொல்லித் திட்டுகிறார்கள். நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டான் என்கிறார்கள். அவன் பாட்டுக்கு ஆணியை அடித்துக்கொண்டிருக்கிறான்.

சுவைனா கட்டிலிலிருந்து எழுந்து, கைத்தடி ஊன்றி, பிறகு அதையும் விட்டாள். ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறாள். வண்டி ஓட்ட வேண்டாம் என்று முஹன்னா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. குளிர்காலம் வந்ததும் மணலுக்குள் போனாள். அன்று சாயந்தரம் அவளிடமிருந்து போன் வந்தது.

"டேய், என்ன எழவைடா செஞ்சு வச்சிருக்கே? அரை மணி நேரமாப் போராடுறேன், ஓட்டை சேரவே மாட்டேங்குது. இதுக்கு அந்தப் பழைய சனியனே தேவலாம்."

கல்ஃபான் லேத்தை நிறுத்தினான்.

"சேராதுக்கா," என்றான். "நல்லாத் திட்டு. திட்டிக்கிட்டே மெதுவா வா."