முழத்துக்கு ஒரு வளையம்

பெட்ரோல் கிடைக்காத யுத்தகாலம்; கரிப்புகையில் ஓடும் பஸ், தன் பின்புற அடுப்புக்குக் கரி போட்டுக்கொள்ள, மலையடிவாரத்துக் கோம்பை ஊரில் நிற்கிறது. இறங்கி நடக்கிறேன். எதிரே ஓர் ஏலக்காய்க் கிட்டங்கி எழும்புகிறது. கீழே வண்டிகள் நுழையச் சுவரில்லாமல் கான்கிரீட் தூண்கள் மட்டும்; மேலே பெண்கள் காய் தரம் பிரிக்கும் தளம். கொத்தனார் தூண்கம்பிகளைச் சுற்றி முழத்துக்கு ஒரு வளையம் கட்டுகிறார்.

"அடியிலயும் தலையிலயும் நாலு விரக்கடைக்கு ஒண்ணு கட்டணும்ப்பா" என்கிறேன்.

"கம்பிக்கு எங்கன போக? மொதலாளி இம்புட்டுத்தான் தந்தாக. இங்கன பூமியா ஆடப்போகுது?" என்று சிரிக்கிறார்.

"வடக்க நானும் இப்படித்தான் சிரிச்சேன். நான் இன்ஜினியர். முழத்துக்கு ஒண்ணு போதும்னு கையெழுத்துப் போட்டேன். பூமி ஆடுச்சு. தூணோட தலையெல்லாம் வெடிச்சு மேல்தளம் இறங்கிடுச்சு. உள்ளே ஆள் இருந்தாங்க."

இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. கொத்தனார் குறடைக் கீழே வைக்கிறார்.

"மேல எம் மக வேலைக்கு வரப்போறா, ஐயா. நான் போய்க் கேட்டா, கம்பியத் திங்கவா போறன்னு வைவாக. நீங்க சொன்னாத்தான் கேப்பாக."

பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார். முதலாளியிடமும் இதை முதலிலிருந்து சொல்ல வேண்டும். பஸ் கூரைமேல் இருக்கும் என் பெட்டியை இறக்கச் சொல்கிறேன்.