தண்ணீர் டப்பாவில் அளந்த மூச்சு

உலகமெல்லாம் சுற்றிய அந்தக் காய்ச்சல் கப்பலில் கொழும்புக்கு வந்து, ரயிலேறி எங்கள் மலைக்கும் வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லய வீடுகளில் முதலில் படுத்தவள் நான்தான். ஃபாக்டரியில் வேலை செய்த அண்ணன் பக்கத்திலேயே இருந்து கொத்தமல்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தான். நான் எழுந்து உட்கார்ந்த அன்று அவன் படுத்தான். எட்டாம் நாள் போய்விட்டான்.

காய்ச்சல் விட்டது, மூச்சு மட்டும் பழையபடி திரும்பவில்லை. மேல்மலைக்கு ஏறும்போது நாலு இடத்தில் நிற்பேன். எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவில் இருந்த என் தோழியும் எனக்காக நிற்பாள். கங்காணி பார்த்தால், தன் காலில் முள் குத்திவிட்டதாகச் சொல்லிக் குனிந்துகொள்வாள்.

சில வாரங்களில் ஒரு லேடி டாக்டர் வந்தார். காய்ச்சலில் கிடந்து எழுந்த இளவட்டங்களின் மூச்சை அளந்து ஆராய்ச்சி செய்யப் போகிறாராம். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் தொட்டில்களை ஒதுக்கிவிட்டு மேசை போட்டார்கள். மேசைமேல் தண்ணீர் நிரப்பிய பெரிய டப்பா. அதற்குள் கவிழ்த்து வைத்த இன்னொரு டப்பா. ரப்பர் குழாயில் ஊதினால் உள்டப்பா மேலே எழும்பும்.

லயமெங்கும் ஒரே பேச்சு: "ஊத முடியாதவங்க பேர வேலைப் புத்தகத்துலேருந்து வெட்டிப்புடுவாங்களாம்."

தோழியும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள்தான்; அவளுக்கு முதல் நாளே முறை வந்து முடிந்தது. எனக்கு மறுநாள். "நீ பேசாம இரு புள்ள. ஒன் பேரக் கூப்புட்டா நான் போறேன். அந்தம்மாவுக்கு நம்ம மூஞ்சியெல்லாம் ஒன்னுதான்" என்றாள். என் பெயரைக் கூப்பிட்டதும் போயே விட்டாள். நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன்.

டாக்டர் கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களப் பெண். கடைத்தெருவில் பழகிய தமிழ். தோழியை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து ஊதித் தண்ணி எல்லாம் என் சாரியில கொட்டினது நீதானே?"

காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டாக்டரும் சிரித்தார். பிறகு தோழி கைகாட்டிய என்னைக் கூப்பிட்டு, "யார் பேரும் வெட்டுறதுக்கு நான் வரல்ல, தங்கச்சி. பயப்படாம ஊது" என்றார்.

ஊதினேன். டப்பா நான்கு விரல் எழும்பி இறங்கியது. அவர் எழுதிக்கொண்டார். அதன்பின் வேறு கேள்விகள். தூக்கம் வருகிறதா? சாப்பிடப் பிடிக்கிறதா? "மனசு எப்படி இருக்கு?"

கையும் காலும் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். மனசு எப்படி என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. "எங்கண்ணனுக்கு நான்தாங்க காய்ச்சலக் குடுத்தேன்" என்றேன். அழுதேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "ஃபாக்டரியில எத்தனை பேர் படுத்தாங்க, தெரியுமா? அங்கேயிருந்தும் வந்திருக்கலாம். எங்கேயிருந்து வந்ததுன்னு டாக்டர் எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?"

அன்று சாயங்காலம் அம்மாவிடமும் சொன்னேன். அம்மா என் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இத்தன நாளா இதையா வச்சிக்கிட்டுத் திரிஞ்ச?" என்று மட்டும் கேட்டார்.

தோட்டத்தை நடத்தும் துரைக்கு டாக்டர் கடிதம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மூன்று மாதம் என்னை மலைக்கு ஏற்றாமல், கன்றுகள் வளர்க்கும் நர்சரியில் போட்டார்கள். ஆற்றோரம், பந்தல் நிழல், ஈர மண். தோழி மலையிலிருந்து இறங்கும்போது அந்தப் பக்கமாகச் சுற்றி வருவாள். இருவரும் மெதுவாகப் பேசிக்கொண்டே லயத்துக்கு நடப்போம். என் வாழ்நாளில் அவ்வளவு பேசியது அந்த மூன்று மாதத்தில்தான்.

டாக்டர் மறுபடி வந்தபோது டப்பா ஒரு சாண் எழும்பியது. தோழி கைதட்டினாள். "தண்ணி கொட்டல்லையே" என்று டாக்டர் குறைபட்டுக்கொண்டார்.

அந்த ஆராய்ச்சியில் என்ன கண்டார்களோ, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரமே கூடையை மாட்டிக்கொண்டு மேல்மலைக்குப் போனேன். ஒரே ஒரு இடத்தில்தான் நின்றேன்.