அண்ணன் இழந்த பரிவட்டம்

ஐம்பதுகளின் கடைசியில் கீரமங்கலம் பக்கத்துப் பள்ளியொன்றில் வாத்தியாராக இருந்தேன். மாலையானால் காய்ச்சல் வரும். மலேரியா மாத்திரை, டைபாய்டு மருந்து எல்லாம் தின்று பார்த்தாயிற்று. ஐந்தாவது வாரம் அண்ணன் என்னைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு விரல்களைப் பிரித்துப் பார்த்தார். நகங்களுக்கடியில் சிராய் ஏறியதுபோல் சிவப்புக் கோடுகள். ஏழு என்று நான் ஏற்கெனவே எண்ணியிருந்தேன். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்திருந்தது. ரத்தம் எடுத்துத் திருச்சிக்கு அனுப்பினார்கள். கிருமி உறுதியாயிற்று.

"இருதயத்துக்குள்ள வால்வு இருக்கு, கண்மாய் மடை மாதிரி. அதுல சதை வளந்து கிருமி குடியேறிருக்கு" என்றார் டாக்டர். "ஆறு வாரம், நாலு மணிக்கொருதரம் பென்சிலின். நடுவுல விட்டா மறுபடி முளைக்கும். அப்புறம் காப்பாத்துறது கஷ்டம்."

மூன்றாம் வாரம் காய்ச்சல் இறங்கியது. அப்போதுதான் ஊரில் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். தலையில் பட்டுத் துணி கட்டும் முதல் பரிவட்டமும் முதல் விபூதியும் எங்கள் வீட்டு மூத்தவருக்கு. எனவே அண்ணன் கையிலும் மஞ்சள் கயிறு. காப்புக் கட்டியவர் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. அதனால் அண்ணன் காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்புவார்.

ஒரு நாள் மதியம் ஆஸ்பத்திரியில் பென்சிலின் இரண்டு வேளைக்குத்தான் மிச்சம். திருச்சியில் கிடைக்கும் என்றார்கள்.

"பொழுதுக்குள்ள ஊர் திரும்ப முடியாதுண்ணே. நாளைக்கு வேற ஆளை அனுப்பலாம்" என்றேன்.

"நாளைக்கு வரைக்கும் ஒன் கிருமி கைகட்டி நிக்குமா? வாத்தியார் வேலைய பள்ளிக்கூடத்துல பாரு. நான் போயிட்டு வாரேன்."

மருந்தோடு அவர் வந்து சேர்ந்தபோது ஊர் பஸ் போய்விட்டது. என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டார்.

ஊர்க்கூட்டம் பரிவட்டத்தைப் பங்காளி வீட்டுக்கு மாற்றியது. அந்த வருஷத்துக்கு மட்டுமல்ல, இனி எப்போதைக்கும்.

மறுவருஷத் திருவிழாவுக்கு நான் குணமாகிப் போயிருந்தேன். தலையில் பட்டுத் துணியோடு பங்காளி என்னைப் பார்த்து, "என்ன வாத்தியாரே, மருந்து நல்லாப் பிடிச்சிருச்சு போல?" என்றார்.

"பாத்தாத் தெரியலையா?" என்றார் அண்ணன்.

விபூதிக்கு வரிசை நின்றது. எங்களுக்கு முன்னால் இருபத்துமூன்று பேர். அண்ணன் என் தோளைப் பிடித்துத் தனக்கு முன்னால் தள்ளினார்.

"நீ முன்ன நில்லு. ரொம்ப நேரம் நிக்கக் கூடாதுல்ல."

உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் முன்னால் போய் நின்றேன்.