குட்டையில் விட்ட கெளுத்திகள்

புத்த பூர்ணிமா காலை. நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பித் தோட்டத்துக் குட்டைக்கு வருகிறேன். கையில் மூடி போட்ட வாளி. அதற்குள் சேலம் மீன் சந்தையில் உயிரோடு வாங்கிய ஐந்து கெளுத்திகள். வெட்டப்படவிருக்கும் மீன்களை விலைக்கு வாங்கித் தண்ணீரில் விடுவது பௌத்தர்களான எங்களில் சிலரின் வழக்கம். போன வருடமும் இதே குட்டையில்தான் விட்டேன். அன்று தவளைச் சத்தத்தில் நான் ஓதியது எனக்கே கேட்கவில்லை.

நேற்று நல்ல மழை. ஆனால் இன்று குட்டை ஊமையாகக் கிடக்கிறது.

பக்கத்தில் களை வெட்டிக்கொண்டிருக்கும் எஸ்டேட் அம்மாவிடம், "தவளையெல்லாம் எங்கம்மா?" என்று கேட்கிறேன்.

"அதையேனுங்க கேக்கறீங்க. போன வருசம் எந்தப் புண்ணியவானோ கெளுத்தியக் கொண்டாந்து உட்டுட்டுப் போயிட்டானுங்க. தவக்களை, தலைப்பிரட்டை, இருந்த சின்ன மீனு, ஒன்ன உடாம தின்னுபோட்டுதுங்க. இப்பக் கொசு நொம்ப. எங்க ஊட்டுல ரெண்டு பேரு காச்சல்ல கெடக்கறாங்க."

வாளிக்குள் ஏதோ துள்ளுகிறது. அந்த அம்மா நிமிர்ந்து பார்க்கிறார்.

"வாளியில என்னங்க?"

மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்கிறேன்.