அழகர் சேரின் அரை மணி நேரம்

அழகர் சேரைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு திட்டுவதற்கு வசதியாக இருக்கும்.

கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அப்பா தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்தார். தொழிலாளர் குடியிருந்த அந்த லயத்திலிருந்து உயர்தர வகுப்பில் கணிதம் படித்த முதல் ஆள் இவர்தான். கண்டிக்கு வந்து கம்ப்யூட்டர் படித்து, இருபத்தாறு வயதில், 2003ஆம் ஆண்டு, தனியாளாக ஒரு ஜாதகப் புரோகிராம் எழுதினார். பிறந்த திகதி, நேரம், இடம் மூன்றையும் தட்டினால் ஐந்து நிமிடத்தில் கட்டம் போட்ட காகிதம் கையில் இருக்கும். கட்டுக்கலையில் கடை போட்டார். கடுகண்ணாவையிலிருந்து புசல்லாவை வரை, பிள்ளை பிறந்த வீட்டில் “அழகர் குறிப்பு போட்டாச்சா?” என்று கேட்கிற அளவுக்குப் பெயர் எடுத்தார். அவர் கடைக் காகிதத்தை யாரும் சந்தேகித்ததில்லை. மெஷின் போட்டது, மனுசன் போட்டதில்லையே.

அந்தப் புரோகிராம் விஷுவல் பேசிக்கில் எழுதியது. விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றில்தான் ஓடும். அந்தப் பெட்டியைச் சேர் யாரையும் தொட விடமாட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. புதிதாக மாற்றுங்கள் என்று யாராவது சொன்னால், “ஓடுற பஸ்ஸ நிப்பாட்டி என்னத்துக்கு எஞ்சின் மாத்தணும்?” என்பார். பதில் சொன்னவர்களுக்கு அன்று தேநீர் கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். என் பெயர் சஞ்சீவனி. மென்பொருள் டிப்ளோமா படித்துவிட்டு, கொழும்புக்குப் போக அம்மா விடாததால் ஜாதகம் தட்டிக்கொண்டிருந்தவள். என்னுடைய ஜாதகமும் அந்தப் பெட்டியில் போட்டதுதான். எட்டு வயதில் அம்மா கொண்டுவந்து போட்டிருக்கிறார். விருச்சிக லக்கினம், எட்டில் செவ்வாய். எட்டில் செவ்வாய் உள்ள பெண்ணைக் கட்டியவன் தங்கமாட்டான் என்பார்கள். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் நம்பாதவளையும் அதே காகிதத்தைப் பார்த்துத்தான் வேண்டாமென்கிறார்கள். இரண்டு இடம் அப்படிப் போனது. அவை போனதில் எனக்குப் பெரிய கவலை இல்லை.

மூன்றாவது திலீபன். அவனோடு பேராதனை பஸ் நிலையத்தில் பழக்கம். இரண்டு வருடமாக, பஸ் தாமதமாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான். அவனுடைய அப்பா செல்லச்சாமி புசல்லாவையில் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்து, அம்மாவிடம் நேராகவே சொன்னார்.

“புள்ளைய எங்களுக்குப் புடிச்சிருக்குங்க. இந்த எட்டாம் எடம் மட்டுந்தான். எனக்கு இருக்கறது ஒத்தப் பையன். மனசு ஒப்பல.”

இது நடந்த மாதத்தில்தான் பழைய பெட்டியும் மூச்சு வாங்கத் தொடங்கியது. காலையில் மூன்று தடவை போட்டால்தான் ஓடும். அதற்குப் பாகம் கண்டியில் எந்தக் கடையிலும் இல்லை. வருகிற சனமும் காகிதம் வேண்டாம், வட்ஸ்அப்பில் போடுங்கள் என்றது. சேர் ஒரு மாதம் யோசித்தார். பழைய புரோகிராமை அப்படியே புது விண்டோஸில் ஏற்றிப் பார்த்தோம். எழுத்தெல்லாம் கட்டங்கட்டமாக உடைந்து வந்தது. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, “நீ புதுசா ஒண்ணு எழுது. நூறு பழைய குறிப்ப ரெண்டுலயும் போட்டுப் பாரு. எல்லாம் ஒத்துப் போனாத்தான் மாறுவேன்” என்றார்.

எழுத இரண்டு மாதம் பிடித்தது. நூறில் தொண்ணூற்றாறு ஒத்துப் போயின. ஒத்துப் போகாத நான்கு பேரும் 1996 மே கடைசிக்கும் ஒக்டோபர் கடைசிக்கும் இடையில் பிறந்தவர்கள். என் பிழை என்று நினைத்து ஒரு கிழமை தேடினேன்.

பிழை என்னுடையது இல்லை. 1996 மே மாதம், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். ஒக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பினார்கள். மிச்ச அரை மணி 2006 வரை இருந்தது. ஜாதகம் கணிக்கும்போது இந்தக் கூடுதலைக் கழித்துவிட வேண்டும். சேர் அந்தப் பத்து வருடத்துக்கும் அரை மணியே கழித்திருந்தார். முதல் ஐந்து மாதத்துக்கு ஒரு மணி கழித்திருக்க வேண்டும். புதிய மென்பொருளில் உலகத்து நேர மாற்றங்கள் எல்லாம் முன்பே இருக்கின்றன. அது சரியாகக் கழித்தது.

நான் அந்த ஆகஸ்டில் பகல் ஒரு மணி ஐந்துக்குப் பிறந்தவள். புதியதில் போட்டுப் பார்த்தேன். துலா லக்கினம். செவ்வாய் ஒன்பதில். தோஷம் இல்லை. கதிரையில் உட்கார்ந்தபடி அழுதேன். சந்தோஷமா ஆத்திரமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

சேரிடம் காட்டினேன். பழைய காகிதத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அந்த வருசம் நான் தோட்டத்துல இருந்தேன்” என்றார். “எங்க தோட்டத்துத் தொர நேரத்த மாத்தல. காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பழைய நேரத்துக்கே சங்கு ஊதுனாங்க. ஒரு மணி தள்ளுனதே எனக்கு ஒறைக்கல. டவுனுக்கு வந்தப்ப அரை மணிதான் வித்தியாசம் இருந்திச்சு. அதையே போட்டுட்டேன்.”

பிறகு பழைய பெட்டியில் தேடச் சொன்னார். அந்த ஐந்து மாதத்தில் பிறந்தவர்களுக்கு நாங்கள் போட்ட குறிப்பு நானூற்றுப் பன்னிரண்டு.

“சேர், எனக்கு மத்தவங்க கணக்கு வேணாம்” என்றேன். “திலீபனோட அப்பாகிட்ட, அது தப்பாப் போட்டதுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். நான் திருத்திக் கொண்டு போனா, கடையில வேல செய்ற புள்ள, மாத்திப் போட்டுக்கிச்சின்னுதான் சொல்லுவாங்க.”

“பாப்போம்” என்றார்.

அடுத்த கிழமை புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்து, “மாறிருவோம் மகள்” என்றார். எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அம்மாவைக் கொண்டு செல்லச்சாமிக்குச் சொல்லியனுப்பினேன். கடையில் புது மெஷின் வந்திருக்கிறது, திங்கட்கிழமை அவரே வந்து, அவர் கண் முன்னாலேயே போட்டுப் பார்க்கட்டும் என்று. அவரும் சந்தோஷமாகச் சம்மதித்தார். அந்தச் சனிக்கிழமை பஸ் நிலையத்தில் திலீபனும் நானும் என்ன நிறத்தில் சேலை எடுப்பது என்று பேசினோம். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். திகதி, நேரம், இடம் தட்டினேன். காகிதம் வந்தது. விருச்சிக லக்கினம். எட்டில் செவ்வாய். அடியில், முன்பு இல்லாத ஒரு வரி: தயாரிப்பு, மு. சஞ்சீவனி.

செல்லச்சாமி காகிதத்தை எடுத்துக்கொண்டு, மகனுக்கு ஃபோனில் கோல் எடுக்க வாசலுக்குப் போனார். நான் புரோகிராமைத் திறந்தேன். நான் எழுதாத நான்கு வரிகள் உள்ளே இருந்தன. 1996 மே முதல் ஒக்டோபர் வரை பிறந்தவர்களுக்கு மட்டும் அரை மணியைத் திரும்பக் கூட்டுகிற வரிகள். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிக்கொண்டு சேர் எழுதியிருக்கிறார்.

“ஏன் சேர்?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “பழசும் புதுசும் ஒண்ணா இருக்கணும் மகள். இல்லாட்டி நானூறு வீட்டுக்காரனும் நாளைக்கு வாசல்ல நிப்பான். இந்தக் காகிதத்தப் பாத்துக் கட்டுனவன் இருக்கான், இதப் பாத்துக் கட்டாம விட்டவன் இருக்கான். அவங்களுக்கு நான் என்ன சொல்றது?”

“எனக்கு என்ன சொல்லுவீங்க?”

“ஒனக்காகத்தான் ஒன் பேரையும் போட்டேன்” என்றார். உண்மையாகவே அதை ஒரு மரியாதை என்று நினைத்துத்தான் போட்டிருக்கிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே திட்டித் தீர்த்து மறந்திருப்பேன்.

செல்லச்சாமி உள்ளே வந்தார். கண் கலங்கியிருந்தது. காகிதத்தின் அடிவரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

“இத நீதான் செஞ்சியாமே மகள். வேற புள்ளயா இருந்தா ஒரு எழுத்த மாத்திப் போட்டுத் தந்திருக்கும். நீ ஒனக்கு எதிரா இருந்தும் உள்ளத உள்ளபடி காட்டிட்ட. ஒன்ன மாதிரி நேர்மையான புள்ளய நான் பாத்ததில்ல.”

இது தப்பு என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், இப்போது மாத்தப் பார்க்கிறாள் என்றுதான் ஆகும். சொல்லக்கூடிய ஒரே ஆள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். செல்லச்சாமியும் அவர் பக்கமே திரும்பினார். பாவம், அவருக்கும் வேறு பதில் வராதா என்று ஆசை இருந்திருக்க வேண்டும்.

“நல்லாப் பாத்தீங்களா மாஸ்டர்? சரிதானா?”

சேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படித்தார்.

“சரிதாங்க” என்றார்.